படகு வைக்க இடமில்லை என்று சொன்னவர்களுக்கு

பாயான் பாருவிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் தரை வீடுகளில் குடியிருந்து, பாய்மரப் படகு ஒன்று வாங்க ஆசைப்பட்டு, "வெச்சிக்க எடமில்லையே" என்று அந்த ஆசையை ஓரங்கட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கல்யாண வீடுகளிலும், கோயில் அன்னதான வரிசையிலும், பாயான் பாரு பசாருக்குப் பக்கத்துக் காப்பிக் கடையிலும் உங்களில் பலரிடம் இதைப் பேசியிருக்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. காசைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நீச்சல் தெரியாதவர்கள்கூட, கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். பிள்ளைகளோ எப்போது போகலாம் என்று கேட்கிறார்கள். கடைசியில், "டிரெய்லரோட அதைக் கொண்டாந்து எங்க நிப்பாட்டுறது? இருக்கிறது ஒரு போர்ச்சு, அதுல காடி நிக்குது" என்று முடித்துவிடுகிறீர்கள்.

அந்தப் போர்ச்சில் காடியும் நிற்கும், படகும் நிற்கும். என் வீட்டில் நிற்கிறது. அதற்கு ஒரே நிபந்தனை, முதலில் வீட்டை அளக்க வேண்டும், பிறகுதான் படகைப் பார்க்கப் போக வேண்டும். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். படகின் படத்தைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரை முறைக்கிறார்கள்.

மரீனாவில் கட்டி வைக்கலாமே என்று கேட்பீர்கள். வசதி உள்ளவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஸ்ட்ரெயிட்ஸ் கீ மரீனா இருப்பது தஞ்சோங் தோக்கோங்கில், தீவின் வடக்கே. சனிக்கிழமை சாயங்காலம் பாயான் பாருவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் காற்றும் போய்விடும், ஆசையும் போய்விடும். அதோடு நம் கடல் வெதுவெதுப்பான கடல். தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டுவதற்கும் அடிச்சாயம் பூசுவதற்கும் ஓயாமல் செலவு. வீட்டில் நிற்கும் படகின் அடிப்பாகம் காய்ந்து, சுத்தமாக இருக்கும். நினைத்த நேரத்தில் பத்து மௌங்குக்கோ தெலுக் கும்பாருக்கோ இழுத்துக்கொண்டு போகலாம். கண்ணெதிரே தினமும் நிற்கும் படகுதான் அடிக்கடி கடலுக்குப் போகும். எத்தனையோ அழகான பெரிய படகுகள் உரிமையாளர் வராமலே மக்கிப்போவதைப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் படகை நீரிலிருந்து எடுத்துவிடுவது நமக்குப் புதிதும் இல்லை. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். மீன்பிடித்துத் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் உலரப் போட்டார்கள். மரம் நீரைக் குடித்துக் கனத்துவிடக் கூடாது என்பது காரணம். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டினார்கள். துறைமுகமே இல்லாத, அலை அடித்து நொறுக்கும் கரையில், தங்கள் கரைக்கு ஏற்ற கலத்தை அந்தப் பட்டினவ மீனவர்கள் செய்துகொண்டார்கள். இங்கே ஜோர்ஜ்டவுனிலும் தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கிய தமிழ்ப் படகுக்காரர்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். கிங் ஸ்திரீட்டைப் படகுக்காரத் தெரு என்றே நம் முன்னோர் அழைத்தார்கள். இன்றைக்கோ மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலுக்குப் போய், அம்மன் கடலில் மிதந்து வருவதைக் கரையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தீவைக் கடலிலிருந்து ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

இனி அளவுக்கு வருவோம். மடலின் முக்கியமான பகுதி இது. பொறுமையாகப் படியுங்கள்.

பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபின், அங்கே வேலைக்கு வந்தவர்களுக்காகப் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் வளர்த்தெடுத்த நகரம் நம்முடையது. 20 அடி அகலம், 70 அடி நீளம் என்பது இங்கே பரவலாகக் காணும் மனை அளவு. என் வீடும் அந்த வகைதான். போர்ச்சின் உட்புற அகலம் 19 அடி. வீட்டுச் சுவரிலிருந்து கேட் வரை ஆழம் 18 அடி. கேட்டை முழுக்கத் திறந்தால் கிடைக்கும் வழி 11 அடி. இந்த மூன்று எண்களும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

என் படகு 14 அடி நீளம், 5 அடி அகலம், கண்ணாடியிழையால் ஆனது. டிரெய்லரின் முன்தண்டு படகின் மூக்கைத் தாண்டி மூன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். ஆக மொத்தம் பதினேழரை அடி. 18 அடி ஆழத்தில் பதினேழரை அடி அடங்கும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் நம் வீட்டுக் கேட்டுகள் உட்பக்கமாக மடிகிறவை. சாலைப் பக்கம் திறப்பது முறையும் ஆகாது. மடியும் கதவுக்கு உள்ளே இடம் விட வேண்டும். ஆட்டோ கேட் என்றால் மோட்டாரின் கை மடங்கி நீள்வதற்கும் இடம் வேண்டும். அரை அடி எந்த மூலைக்குப் போதும்? வழி என்னவென்றால், முன்தண்டைக் கழற்றக்கூடிய டிரெய்லராகப் பார்க்க வேண்டும், அல்லது வெல்டிங் பட்டறையில் சொல்லி அப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். தடித்த இரும்புக் குழாய்க்குள் இன்னொரு குழாய் செருகி, குறுக்கே இரண்டு போல்ட். வீட்டுக்குள் ஏற்றியதும் போல்ட்டை உருவித் தண்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டால் நிற்கும் நீளம் பதினாலரை அடிதான். கேட் தாராளமாக மூடும்.

அகலத்துக்கு வாருங்கள். நம் தெருவில் எண்ணினால் மைவியே அதிகம் இருக்கும், ஆகவே அதையே கணக்குக்கு எடுக்கிறேன். 2017இல் வந்த மைவியின் அகலம் 1,735 மில்லிமீட்டர், அதாவது ஐந்தே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கக் கண்ணாடிகளுக்கும் சேர்த்து அரை அடி கூட்டுங்கள். ஓட்டுநர் கதவு திறக்க இரண்டரை அடி. காடிக்கும் படகுக்கும் இடையில் ஆள் நடக்க இரண்டு அடி. டிரெய்லர் சக்கரத்தின் வெளிவிளிம்பு வரை ஐந்தேகால் அடி. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை அடி. எல்லாம் கூட்டினால் பதினாறரை அடி. மீதி இரண்டரை அடியில் செருப்புத் தட்டும் துளசித் தொட்டியும் அவற்றின் இடத்திலேயே இருக்கலாம். வீட்டம்மா சம்மதிக்க மாட்டார் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். என் வீட்டில் இந்தக் கணக்குத்தான் சம்மதம் வாங்கிக் கொடுத்தது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. கேட் வழி 11 அடி, போர்ச் 19 அடி. படகு ஒதுங்கி நிற்க வேண்டிய ஓரம் கேட்டின் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. நேராக உள்ளே வந்த படகைப் பக்கவாட்டில் மூன்று, நான்கு அடி நகர்த்தினால்தான் காடிக்கு வழி கிடைக்கும். டிரெய்லர் பக்கவாட்டில் நகராது. முன்னும் பின்னும் இழுத்து ஒடித்து ஒடித்துத் திருப்பவும் 18 அடியில் இடம் போதாது. இந்த இடத்தில்தான் பலர் மனம் உடைந்து படகை விற்றுவிடுகிறார்கள்.

இதற்கும் வழி உண்டு. பட்டறைகளில் கெட்டுப்போன காடிகளை நகர்த்தப் பயன்படுத்தும் இரும்புத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மூலையிலும் எல்லாத் திசையிலும் சுழலும் சிறு உருளைகள் இருக்கும். டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஜேக் போட்டுத் தூக்கி, அடியில் ஒரு தட்டைச் செருகி இறக்குங்கள். முன்பக்கம் தாங்கும் சின்னச் சக்கரமும் சுழலக்கூடியதாக இருக்கட்டும். பிறகு படகும் டிரெய்லருமாக இருநூறு கிலோவைத் தரை ஓட்டின் மேல் இரண்டு பேர் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். ஒருவர் அணியத்தில், ஒருவர் பின்னால். என் மகளுக்கு இது நன்றாகப் பழகிவிட்டது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று எனக்கே அவள் சொல்கிறாள். ஓரத்தில் சேர்த்ததும் தட்டுகளை எடுத்துவிட்டுச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரக் கட்டை இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். போர்ச் தரை மழைநீர் வடிவதற்காகக் கேட் பக்கம் லேசாகச் சரிந்துதான் இருக்கும்.

சரிவு என்றதும் இன்னொன்று. சாலையிலிருந்து லோங்காங்கின் மேல் ஏறி போர்ச்சுக்குள் நுழையும் அந்தச் சின்ன ஏற்றம் இருக்கிறதே, காடிக்கு அது ஒன்றுமில்லை, டிரெய்லருக்குச் சிக்கல். படகைப் பின்பக்கமாக ஏற்றுவதுதான் நல்லது. புறப்படும் நாளில் கொக்கி வாசலைப் பார்த்து இருக்கும். ஆனால் பின்பக்கமாக ஏறும்போது சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் படகின் அடி ஏற்றத்தில் இடிக்கும். சுக்கானை முன்கூட்டியே கழற்றுங்கள். நடுப்பலகையை முழுக்க மேலே தூக்கிக் கட்டுங்கள். இரண்டு கெட்டியான பலகையைச் சக்கரப் பாதையில் போட்டு ஏற்றத்தைச் சமப்படுத்துங்கள். ஆள் பலம் குறைந்த வீட்டில், உள்ளே வீட்டுச் சுவரோரம் கான்கிரீட் தரையில் வளையம் ஒன்று பதித்து, கைவிஞ்சால் மெதுவாக இழுக்கலாம். வளையத்தைத் தரை ஓட்டில் மட்டும் பதித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். ஓட்டைத் தாண்டிக் கான்கிரீட்டில் இறங்க வேண்டும். செங்கல் சுவரில் பதிக்கவே வேண்டாம்.

பாய்மரம் எங்கே போகும்? 14 அடிப் படகுக்கு 21 அடிப் பாய்மரம் சாதாரணம். 18 அடி ஆழத்தில் நீளவாக்கில் அது அடங்காது. நடு வீடு என்றால் பக்கச் சந்தும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு இங்கே உதவும். 19 அடிக்கு 18 அடி செவ்வகத்தின் மூலைவிட்டம் 26 அடிக்கு மேல். பாய்மரத்தைக் கூரைக்குக் கீழே மூலைக்கு மூலை குறுக்காகத் தொங்கவிட்டால் இரு பக்கமும் கை நுழைய இடம் மிஞ்சும். காடி அடியில் வந்து போகும், தலையிலும் இடிக்காது. தொங்கவிடும் கொக்கிகளைக் கான்கிரீட் உத்தரத்தில் பதியுங்கள். பின்னால் சேர்த்துக் கட்டிய தகரக் கூரையோ பாலிகார்பனேட் கூரையோ இருந்தால் அதில் எதையும் மாட்டாதீர்கள். அது வெயிலுக்கும் மழைக்கும் போட்டது, சுமை தாங்கப் போட்டதில்லை. சந்தேகம் இருந்தால் குத்தகைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

எந்தப் படகு என்று கேட்பவர்களுக்கு, போர்ச்சை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காகவே வரைந்தது. நீளம் ஏழரை அடிக்கு மேல் கொஞ்சம், எடை 35 கிலோ. டிரெய்லரே வேண்டாம். கான்கிரீட் உத்தரத்தில் நல்ல போல்ட் பதித்துக் கப்பிக் கயிற்றால் காடியின் மூக்குக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம்.

பெரிய பிள்ளைகளுக்கும் ஒற்றை ஆளாக ஓட்ட விரும்புபவர்களுக்கும் லேசர். 1969இல் கனடாவின் புரூஸ் கெர்பி அதன் முதல் வரைபடத்தைப் போட்டபோதே, காடியின் கூரையில் வைத்துக் கொண்டுபோகும் படகு என்பதுதான் நோக்கம். நீளம் 4.23 மீட்டர், அகலம் 1.37 மீட்டர், உடலின் எடை 60 கிலோவுக்குள். பாய்மரம் இரண்டு துண்டாகப் பிரியும் என்பது நம் வீட்டுக்குப் பெரிய வரம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2020இல் மயாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றதும், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனதும் இந்த உடலின் மேல் சற்றுச் சிறிய பாய் கட்டிய லேசர் ரேடியலில்தான். நம் நாட்டின் நூர் ஷஸ்ரின் முகமட் லத்திஃப் ரியோவிலும் தோக்கியோவிலும் போட்டியிட்டதும் அதே வகுப்பில். ஒலிம்பிக்குக்குப் போன படகு பாயான் பாரு போர்ச்சுக்குள் அடங்குகிறது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

குடும்பமாகப் போக விரும்பினால் மிரர். எனக்கு மிகவும் பிடித்த கதை இதனுடையது. லண்டனின் டெய்லி மிரர் நாளிதழ், சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய படகு வேண்டும் என்று முன்னிற்க, ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளரும் பேரி பக்னெல் என்ற தொலைக்காட்சிக் கைவேலைக்காரரும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடியிழை நாடாவால் ஒட்டிவிடலாம். தச்சுவேலை தெரியாதவர்களும் கராஜிலும் முன்னறையிலும் வைத்துக் கட்டினார்கள். எழுபதாயிரம் படகுகள் உருவாயின. நீளம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. பாய்மரத்தைக் குட்டையாக வைத்து, மேல்கம்பை அதன்மேல் உயர்த்திக் கட்டும் முறை என்பதால் எல்லாக் கம்புகளும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வீட்டில் வைப்பதை முதலிலேயே யோசித்துச் செய்த படகு என்றால் அது இதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நுட்ப வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மனம் வைத்தால் விடுமுறைகளில் இப்படி ஒன்றைக் கட்டி எழுப்புவது எட்டாத காரியம் இல்லை.

ஹோபி 16 இரட்டை உடல் படகு பார்க்க அழகு, வேகமும் அதிகம். அகலம் ஏறத்தாழ 8 அடி, பாய்மரம் 26 அடிக்கும் மேல். அதைப் போர்ச்சில் வைத்தால் காடி சாலைக்குப் போகும். நம் வீட்டுக்கு அது வேண்டாம்.

காடி சாலைக்குப் போவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். படகையோ டிரெய்லரையோ வீட்டு முன் சாலையில் நிறுத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். குப்பை லாரி திரும்ப வேண்டும், தீயணைப்பு வண்டி வந்தால் நுழைய வேண்டும், பக்கத்து வீட்டு ஆ பெக் காடியை எடுக்க வேண்டும். வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் சாலை நமதில்லை. ஒரு படகு ஒரு மாதம் சாலையில் நின்றால், அதற்குப் பிறகு அந்தத் தாமானில் யாரும் படகு வாங்க முடியாத அளவுக்கு மனக்கசப்பு வந்துவிடும். போர்ச்சுக்குள் அடங்காத படகு நம் படகில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதைவிடவும் பெரிய பொறுப்பு கொசு. திறந்த படகு என்பது பெரிய தொட்டி. பினாங்கு மழையில் ஒரு நாள் சாரல் அடித்தால் உள்ளே தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சலில் படுத்த பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால் 500 ரிங்கிட் வரை தண்டம் போடுகிறார்கள். அபராதத்துக்காக வேண்டாம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காகச் செய்யுங்கள். படகின் பின்பக்க அடியில் இருக்கும் தண்ணீர் அடைப்பானைத் திருகி எடுத்து, கொக்கியில் மாட்டிவிடுங்கள். டிரெய்லரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் பின்னால் வடிந்துவிடும். மேலே தார்ப்பாய் போட்டால் நடுவில் குழி விழாமல் ஒரு கம்பு கொடுத்துக் கூரைபோலச் சரிய விடுங்கள். குழி விழுந்த தார்ப்பாய்தான் கொசுவுக்கு முதல் தொட்டில். வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். காற்றறைகளின் மூடிகளையும் திறந்து விடுங்கள். மூடியே வைத்தால் நம் ஊர் ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

உப்பு, டிரெய்லரைத் தின்னும். நீண்ட தூரம் ஓடி வந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அதை உடனே கடல்நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். சில மாதங்களில் பேரிங் துருப்பிடித்துப் பாதி வழியில் சக்கரம் இறுகிவிடும். கரைக்குப் போனதும் முதலில் பாய்மரத்தை நிறுத்துங்கள், கயிறுகளைக் கட்டுங்கள். அதற்குள் சக்கரம் ஆறிவிடும். இதைவிட நல்லது, சாலை டிரெய்லரின் மேல் ஏறி உட்காரும் சிறு தள்ளுவண்டி. கடலுக்குள் தள்ளுவண்டி மட்டும் போகும், டிரெய்லர் உலர்ந்த தரையில் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் படகு, டிரெய்லர், கயிறு எல்லாவற்றையும் அலசுங்கள். மணலைக் கரையிலேயே தட்டிவிட்டு வாருங்கள், லோங்காங் அடைத்துக்கொள்ளும். பாயை நன்றாக உலர்த்திச் சுருட்டி வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். துணியைக் கெடுப்பது காற்றைவிட வெயில்தான். படகை டிரெய்லரில் மாதக்கணக்காக வைக்கும்போது எடை முழுவதும் இரண்டு உருளைகளின் மேல் உட்காராமல், நீளமான மெத்தைப் பலகைகளின் மேல் பரவி இருக்கட்டும். நம் வெப்பத்தில் கண்ணாடியிழை, அழுத்தும் இடத்தில் குழிந்துவிடும்.

சாலைச் சட்டம் பற்றிச் சுருக்கமாக: காடியில் இழுக்கும் கொக்கி பொருத்துவதற்கும் டிரெய்லருக்கும் ஜேபிஜேயின் விதிகள் உண்டு. காசு கொடுப்பதற்கு முன்பே கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு, சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படகுக்கு என்ன பதிவு வேண்டும் என்பதைக் கடல்துறை அலுவலகத்தில் கேளுங்கள். கையேட்டில் காடியின் இழுக்கும் திறனையும் கூரைச் சுமையையும் பாருங்கள். சின்னக் காடிக்குச் சின்னப் படகுதான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படகு இறக்கும் இடத்தைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தெற்குக் கரையில் இருப்பவை பெரும்பாலும் மீனவர்களின் படகுத்துறைகள். 2023இல் தொடங்கிய கடல் நிரப்பும் பணியால் அவர்களுக்கு ஏற்கெனவே மனக்கவலை நிறைய. நாம் பொழுதுபோக்குக்குப் போகிறோம், அவர்கள் பிழைப்புக்குப் போகிறார்கள். முதல் நாள் வெறுங்கையோடு போய், அங்கே இருக்கும் பாக் சிக்குகளிடம் சலாம் சொல்லி, எந்த நேரத்தில் இறக்கினால் அவர்களுக்கு இடைஞ்சல் இராது என்று கேளுங்கள். நீரோட்டம், சேறு, வலை போட்டிருக்கும் இடம் எல்லாவற்றையும் அவர்களே சொல்லித் தருவார்கள். எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

ஏற்றவற்றத்தை மறக்கக் கூடாது. நம் கிழக்குக் கரையில் நீர் வற்றினால் வெகுதூரம் சேறுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றம் இன்னும் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இதற்கும் உதவும். காலையில் முழங்கால் நீரில் இறக்கிய இடத்துக்கு மத்தியானம் திரும்பி வந்தால், கணுக்கால் சேற்றில் படகை இழுக்க நேரிடும். சரியான நேரத்துக்கு ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். எல்லாரும் உயிர்காப்புச் சட்டை அணிந்த பிறகே படகில் ஏறுங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. நேராக வாங்கி நேராகக் கடலுக்குப் போகாமல், முதலில் தெரிந்தவர்களோடு சேர்ந்து ஓட்டிப் பழகுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வரும் சூறைக்காற்று புதியவர்களுக்கு ஆகாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்றுதான் நமக்குக் கற்றுக்கொள்ள ஏற்றது. 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் போட்டியை நவம்பரில் நடத்துவதும், போர்ட் கிள்ளானிலிருந்து பினாங்கு வழியாக லங்காவிக்கு அந்தப் படகுகள் போவதும் அந்தக் காற்றை நம்பித்தான். டத்தோ அசார் மான்சோர் 1999இல் தனியாளாக உலகைச் சுற்றிவரப் புறப்பட்டதும் நமக்கு அடுத்த தீவான லங்காவியிலிருந்துதான். அந்தத் தூரம் நமக்கு வேண்டாம். ஜெரெஜாக் தீவைச் சுற்றி வந்து, இரண்டாம் பாலத்தைத் தண்ணீரிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். காடியை வெளியே எடுத்துவிட்டு, போர்ச்சின் அகலம், ஆழம், கேட் முழுக்கத் திறந்தால் கிடைக்கும் வழி, கூரையின் உயரம் ஆகிய நான்கையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். படகு பார்க்கப் போகும்போது அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும். அளவில் சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள், நாடாவோடு நானே வந்து அளந்து தருகிறேன். படகு வாங்குவதை நவம்பருக்குள் முடித்துவிடுங்கள்.